அயர்ன் போட்ட பதினான்கு போர்வைகள்

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பின்னல் சொல்லிக்கொடுத்த டீச்சர், வீடு அவருடையது. நகைக்கடைக்காரர் வீட்டு அம்மா. அவருடைய மருமகள், முக்கால்வாசி நேரம் போனுக்குள்ளேயே இருந்தாள், அதனால் அவளை இருந்தவர்கள் கணக்கில் சேர்க்கலாமா என்பது சந்தேகம். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன ஓர் அம்மா. காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்ட, அந்த வீட்டில் வேலை செய்கிற அக்கா. அப்புறம் நான். அன்னூரிலிருந்து காந்திபுரம், காந்திபுரத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் என்று இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். ஏசியையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். கம்பளி மாதிரி இருக்கிற உல்லன் நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமென்றால், கோயமுத்தூரில் முதலில் அறையைக் குளிர வைக்க வேண்டியிருந்தது.

மற்ற மூன்று பெண்களும் மன அமைதிக்காக வந்திருந்தார்கள். அப்படித்தான் சொன்னார்கள். நகைக்கடை அம்மாவுக்கு டென்ஷன். எதற்கு டென்ஷன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வந்தது என் காலுக்காக.

பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது நல்ல வேலைதான். தைத்து வருகிற பீஸை லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்க்க வேண்டும். நூல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் செகண்ட்ஸை இன்னொரு பக்கமும் போட வேண்டும். காலையிலிருந்து இருட்டுகிறவரை நின்றுகொண்டே பார்க்க வேண்டும். போன வருஷம் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு பச்சைப் புழு மாதிரி சுருண்டுகொண்டு வெளியே வந்துவிட்டது. டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் நிற்கிற வேலை வேண்டாம், நின்றால் புண்ணாகும் என்றார். புண் என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வீட்டுக்கு வந்து அந்த ஒரு சொல்லை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன். கேஸ் மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். எனக்கு அந்த மாதிரி ஒரு சொல் கிடைத்தால் போதும்.

சூப்பர்வைசரிடம் போய் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு ஸ்டூல் கேட்டேன்.

"ஸ்டூல் போட்டா தூங்கிப்போடுவீங்கக்கா," என்றார் அவர், என் மகன் வயதுக்காரர். "மூணு மாசம் லீவு எடுத்துக்குங்க. அதுக்குள்ள வந்தா வாங்க. இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்."

ஆக, எனக்கு இருந்தது மூன்று மாதம். அதற்குள் உட்கார்ந்து செய்கிற ஒரு வேலையில் மாதம் மூவாயிரமாவது வந்துவிட்டால், கம்பெனிக்குத் திரும்ப வேண்டாம். மீதியை வீட்டுக்காரர் சம்பளத்தில் எப்படியாவது இழுத்துக்கொள்ளலாம். அப்போதுதான் யாரோ அனுப்பிய ஒரு வாட்ஸப் வந்தது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், கைப்பின்னல் பயிற்சி, நான்கு சனிக்கிழமை, முடித்தவர்களுக்கு ஆர்டர் உண்டு.

டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். பின்னலை அவரும் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம். அதை மறைக்கவும் இல்லை, பெருமையாகவே சொன்னார். இரண்டு மூங்கில் ஊசிகளைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரே ஒரு ஸ்டிச்தாங்க. இது தெரிஞ்சா உலகமே உங்க கையில. உள்ள போ, சுத்து, வெளிய வா, தள்ளு. எல்லாரும் சொல்லுங்க பார்க்கலாம்."

பேங்க் அம்மா உட்பட எல்லோரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆயிரம் ரூபாய் ஃபீஸ் கட்டியிருந்தேனே.

விஷயம் இவ்வளவுதான். இடது கை ஊசியில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், வரிசையாக ஏறி இருக்கும்; நாங்கள் பழகிய சின்னப் போர்வைக்கு எண்பது. முதல் கண்ணிக்குள் வலது கை ஊசியை முன்பக்கமிருந்து நுழைக்க வேண்டும். நூலை அந்த ஊசி முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, சுற்றிய நூலைக் கண்ணி வழியாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். இப்போது வலது ஊசியில் புதுக் கண்ணி ஒன்று இருக்கும். பழையதை இடது ஊசியிலிருந்து நழுவ விட்டுவிடலாம். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றித் திரும்பவும் அதையே செய்ய வேண்டும். போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். இதற்குப் பெயர் கார்டர் ஸ்டிச். மாடு செக்கைச் சுற்றுவதைவிட இதில் புத்திக்கு வேலை குறைவு. 

ஆனாலும் நகைக்கடை அம்மாவுக்கு அரை மணி நேரத்தில் எண்பது கண்ணி தொண்ணூற்றிரண்டாகிவிட்டது. போர்வை முறம் மாதிரி அகன்றுகொண்டே போனது. நூலை ஊசிக்கு மேலாக இழுத்துப் பிடித்தால், ஓரத்தில் இருக்கிற ஒரு கண்ணி இரண்டு மாதிரி தெரியும். அதை இரண்டாகவே பின்னிவிடுவார்கள். டீச்சருக்கு அது எதனால் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. "பரவாயில்லைங்க ஆன்ட்டி, இது உங்க ஸ்டைல்," என்றார்.

"எனக்கு டென்ஷன் போயே போச்சு," என்றார் நகைக்கடை அம்மா.

"அத்தைக்குப் போயிருச்சு, அந்த நூலுக்கு வந்திருச்சு," என்று மருமகள் போனைப் பார்த்தபடியே சொன்னாள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே வார்த்தை அது. அதற்காக அவளைக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

நான் பத்து வரிசை பின்னியதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழக்கம். பனியன் துணிக்கு நல்ல பக்கம் ஒன்று உண்டு; அதில் கண்ணிகள் கோதுமை மணிகள் மாதிரி வரிசையாக நிற்கும். பின்பக்கம் மேடு மேடாக இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் மேடாகவே இருந்தது.

"மேடம், இது ரெண்டு பக்கமும் பின்பக்கமாவே இருக்குதுங்க," என்றேன்.

டீச்சர் சிரித்தார். "அதுதாங்கக்கா கார்டர் ஸ்டிச்சோட பியூட்டி."

ஏன் அப்படி என்று கேட்டதற்கு, அது அப்படித்தான் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கே விளங்கியது. கம்பெனி மெஷின் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போகிறது, துணியைத் திருப்புவதே இல்லை. அதனால் முகம் ஒரு பக்கமும் முதுகு ஒரு பக்கமுமாக நிற்கிறது. கையில் பின்னும்போது ஒவ்வொரு வரிசைக்கும் திருப்புகிறோம். முகம் ஒரு தடவை இந்தப் பக்கம், அடுத்த தடவை அந்தப் பக்கம். மேடு இரண்டு பக்கமும் பங்காகிவிடுகிறது. இதனால் ஒரு லாபமும் இருக்கிறது. பனியன் துணியை வெட்டி மேஜையில் வைத்தால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். வெட்டுகிறவர்கள் அதைத் திட்டாத நாள் இல்லை. கார்டர் சுருளாது. போர்வைக்கும் மப்ளருக்கும் இதைப் போடுவது அதனால்தான். இந்த ஒரு மரியாதையை அந்த ஸ்டிச்சுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அதன் உபயோகங்கள் என்று டீச்சர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். மப்ளர், தலைப்பட்டை, தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டை, டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்டம். பாட்டிலுக்குச் சட்டை போடுகிற ஊரில்தான் நானும் இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரியும். பருத்தி நூலில் பின்னினால் பாத்திரம் தேய்க்கலாம் என்று அவர் சொன்னபோது, கதவோரம் நின்ற அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"தேங்காய் நாரு இருக்குதுங்களே கண்ணு," என்றார் அவர்.

டீச்சர் அதைக் கேட்காத மாதிரி அடுத்த உபயோகத்துக்குப் போனார். மனசு ரிலாக்ஸ் ஆகும்.

எனக்கு ஆகவில்லை. என்னை மாதிரி ஆளிடம் எண்பது கண்ணியை எண்ணக் கொடுத்துவிட்டு அமைதியாக இரு என்றால் எப்படி? ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணினேன். எண்பது வந்தால், சரியாக எண்ணினேனா என்று இன்னொரு தடவை எண்ணினேன். பஸ்ஸில் பிரேக் போட்டால் ஊசி யார் கண்ணிலாவது குத்திவிடுமோ என்று பயந்து, முனைக்கொரு சின்ன வெங்காயத்தைக் குத்தி வைத்துக்கொண்டு போனேன். அடுத்த சனிக்கிழமை நகைக்கடை அம்மா மூக்கைத் தூக்கி, "ஏம்மா, யாரு சாம்பார் வெக்கறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்த அம்மாவின் போர்வை அப்போது மூன்று மூலையாக இருந்தது.

நான்காவது சனிக்கிழமை டீச்சர் என் பீஸை எடுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்தார். குறை இல்லை. இருந்தால் நானே விட்டிருக்க மாட்டேன். ஆர்டர் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. மற்றவர்களுக்குத் தேவையும் இல்லை. குன்னூரில் டூரிஸ்ட்காரர்கள் வருகிற ஒரு கடைக்குக் குழந்தைப் போர்வை. நூல் அவர் தருவார். பின்னிக் கொடுத்தால் பீஸுக்கு முந்நூற்றைம்பது. நூலுக்கு டெபாசிட் ஆயிரத்து ஐந்நூறு, கடைசியில் திருப்பித் தந்துவிடுவார்.

இரண்டு மாதம் பின்னினேன். கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு பின்னினேன். முதல் மாதம் ஐந்து, இரண்டாவது மாதம் ஒன்பது. பதினான்கு போர்வைக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டாம் மாதக் கணக்கை மட்டும் எடுத்தால் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. கால் வீக்கம் வடிந்திருந்தது. கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று ஒரு பயம். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏம்புள்ள, கொசுவலை எந்த மட்டுக்கு இருக்குது?"

"இது போர்வைங்க."

"கொழந்தை வேர்த்துச் செத்துப்போகாதா?"

"குன்னூர்க் கொழந்தைக்குங்க."

"அதுக்கு அவங்க அப்பன் ஆத்தா குன்னூர்லயே வாங்கிக் குடுக்க மாட்டாங்களா? இங்கிருந்து பின்னியா போகோணும்?"

அவருக்கு எதையும் முழுதாக நம்பிப் பழக்கமில்லை. காயில் கட்டுகிறவர்கள் அப்படித்தான்.

கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் பதினான்கையும் கட்டிலில் அடுக்கினேன். மேடும் பள்ளமுமாக, பொதபொதவென்று கிடந்தன. இப்படியா ஒரு பீஸ் வெளியே போகும்? கம்பெனியில் அயர்ன் டேபிளைத் தாண்டாமல் ஒரு பீஸும் பேக்கிங்குக்குப் போனதில்லை. எவ்வளவு நல்ல தையலாக இருந்தாலும் தேய்த்து, தட்டையாக, காகிதம் மாதிரி மடித்தால்தான் அது சரக்கு. தேய்க்காதது சரக்கே இல்லை. பதினெட்டு வருஷம் அதைத்தான் பார்த்தேன். கம்பெனி ஒரு தீபாவளிக்குக் கொடுத்த அயர்ன் பாக்ஸை எடுத்தேன். ஈரத் துணியை மேலே போட்டு, சூட்டை நன்றாக ஏற்றி, அழுத்தித் தேய்த்தேன். உஸ் என்று ஆவி வந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தால் மேடெல்லாம் படிந்து, வழவழவென்று பளபளப்பாக ஒரு பரப்பு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதினான்கையும் தேய்த்தேன். மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டேன். அயர்ன் பாக்ஸின் ஒயரைப் பிடுங்கினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் பயப்படாமல் செய்த காரியம் தேய்த்தது ஒன்றுதான்.

டீச்சர் முதல் கவரைப் பிரித்தார். போர்வையை விரல்களுக்கு நடுவே எடுத்தார். அது துவண்டு தொங்கியது.

"அக்கா, என்னங்க இது?"

"போர்வைங்க."

"என்ன பண்ணீங்க இதை?"

"தேச்சேனுங்க. ஃபினிஷிங் வேணுமில்லீங்களா?"

அவர் இன்னொன்றைப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார். பதினான்கையும் பிரித்துப் போட்டார். கதவோரம் அந்த அக்கா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"இது அக்ரிலிக்குங்க. சூடு பட்டா அவ்வளவுதான். இழை செத்துப்போயிரும். இனித் திரும்பி வரவே வராது. உல்லனை யாராவது அயர்ன் பண்ணுவாங்களா?"

"நீங்க சொல்லவே இல்லீங்களே மேடம்."

"இதெல்லாம் காமன் சென்ஸ்ங்கக்கா."

நூல் எந்த ஜாதி என்றுகூட நான்கு சனிக்கிழமையில் ஒரு வார்த்தை சொல்லாதவருக்கு எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர். இரண்டு மாதம் கட்டிலில் கிடந்து பின்னியது கண் முன்னால் செகண்ட்ஸாகக் கிடந்தது. செகண்ட்ஸைப் பிரித்துப் போடுவதுதான் என் வேலை. அதை நானே செய்திருந்தேன். கூலி கிடையாது என்றார். டெபாசிட் நூல் நஷ்டத்துக்குச் சரியாகிவிட்டது என்றார். நூல் அவருடையது என்பதால் போர்வைகளும் அங்கேயே இருக்கட்டும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். மூன்று மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. எட்டு நாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மறுபடி லைட், மறுபடி பீஸ், மறுபடி நிற்பது. மிச்சமிருந்த நூலில் கெண்டைக்காலுக்கு ஒரு உறை பின்னிப் போட்டுப் பார்த்தேன். கார்டர் நன்றாக இழுபடுகிறதே, நரம்பை அமுக்கிப் பிடிக்கும் என்று ஒரு நினைப்பு. மத்தியானத்துக்குள் கணுக்காலில் இறங்கிக் குவிந்துவிட்டது. பாட்டிலுக்குச் சட்டை போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தவளுக்கு அது வேண்டியதுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"ஏனுங்கக்கா, நாந்தானுங்க, ஆர்.எஸ்.புரத்துல காபி குடுப்பனே. நீங்க தேச்சுப்போட்ட போர்வை இருந்ததுங்களே, எல்லாம் வித்துப்போச்சுங்க."

"வித்துப்போச்சா?"

"குன்னூர்க் கடைக்காரரு ஊட்டுக்கே வந்தாருங்க. தொட்டுப் பாத்துப்போட்டு, மெதுவா இருக்குது, தோள்ல போட்டா அழகா விழுகுது, இதே மாதிரி இன்னும் வேணும்னு சொல்லீட்டாருங்க. கொழந்தைக்கு இல்லீங்க, பெரியவங்க போத்திக்கறதுக்கு."

"என்ன விலைக்குங்க?"

"ஒண்ணு ஆயிரத்து அறுநூறுங்க. விலை அட்டையை நூல்ல கோத்துக் கட்டினதே நாந்தானுங்க அக்கா. நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை லீவில் போனேன். பஸ் முழுக்க யோசித்தது பணத்தைப் பற்றி அல்ல. அந்த அக்காவின் வேலை போய்விடக் கூடாதே என்றுதான். டீச்சர் கதவைத் திறந்ததும் சிரித்தார்.

"வாங்கக்கா. கால் எப்படி இருக்கு?"

"இருக்குதுங்க. போர்வை வித்துதுங்களா?"

"அது டேமேஜ் பீஸ்தானேங்க. சும்மா க்ளியரன்ஸ்ல தள்ளி விட்டேன்."

"ஆயிரத்து அறுநூறு அட்டை போட்டா க்ளியரன்ஸுங்க?"

அவர் முகம் காபி அக்கா இருந்த உள்பக்கம் திரும்பியது. நான் அவசரமாகச் சொன்னேன்: "குன்னூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேனுங்க. கடையில தொங்குச்சு." நான் குன்னூரைப் பார்த்ததே இல்லை. எந்தக் கடை, எந்தத் தெரு என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. அவருக்கும் பயம் இருந்திருக்கும்போல. அந்த வீட்டு ஏசியில் அவருக்கு வேர்த்ததைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே போய் நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வந்தார்.

"இப்போதைக்கு இதை வெச்சுக்குங்க. மீதிய அடுத்த மாசம் ஜிபேல போட்டுவிடறேன். அப்புறம் அக்கா, இன்னும் இருபது பீஸ் வேணும். அதே ஃபினிஷ். அந்த அயர்ன் உங்க கைக்குத்தான் அப்படி வருது, நான் போட்டுப் பாத்தேன், கருகிப்போச்சு."

வாசலில் ஒரு பெரிய பையில் நூல் தயாராக இருந்தது. இருபது போர்வை, ஏழாயிரம் ரூபாய். கட்டில், தலையணை மேல் கால். அன்றைக்குக் காலையில்தான் வலது கணுக்காலுக்கு மேலே தோல் கருத்திருந்ததைப் பார்த்திருந்தேன். பையின் காதில் கை வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பழைய கணக்க முடிச்சுட்டீங்கன்னா எடுத்துட்டுப் போறேனுங்க," என்றேன்.

"அதையும் இதையும் சேர்த்துக் கடைசியில முடிச்சுக்கலாமுங்கக்கா. டெபாசிட்டும் புதுசா வேண்டாம், பழசே இருக்கட்டும்."

கெட்டுப்போன சரக்கு என்று கூலியை நிறுத்தியவர், நஷ்டத்துக்குச் சரியாகிவிட்டது என்று சொன்ன டெபாசிட்டை இப்போது இருக்கிறது என்கிறார். ஒரே வாய்தான். நான் பையிலிருந்து கையை எடுத்தேன்.

"முடிச்சுப்போட்டுக் கூப்பிடுங்க மேடம். வாரேன்."

அவர் கூப்பிடவில்லை. அடுத்த மாசம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இடையில் டாக்டரிடம் போனேன். நான் சொன்னேனே, நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். கேட்காமல் என்ன, நன்றாகக் கேட்டது. கணுக்காலுக்கு மேலே தோல் வெடித்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்த நூல் பையிலிருந்து கையெடுத்தது சரியா என்று தினமும் லைட்டுக்குக் கீழே யோசிக்கிறேன். ஒரு நாள் சரி என்று தோன்றும், மறுநாள் தோன்றாது. கணக்கில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. கூலி நாலாயிரத்துத் தொள்ளாயிரம், டெபாசிட் ஆயிரத்து ஐந்நூறு, கொடுத்தது இரண்டாயிரம். பாக்கி நாலாயிரத்து நானூறு ரூபாய்.